வாசலை மறித்த வண்டிகள்

காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுவது என் வழக்கம். போட்டு முடித்து நிமிர்வதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். அதன் ஸ்டாண்டு சரியாக என் கோலத்தின் நடுவில் ஊன்றும். வண்டியில் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டே ஸ்டேஷனைப் பார்த்து ஓடுவார். "சார், கேட்டு முன்னாடி வைக்காதீங்க சார்" என்று நான் சொல்வது அவருடைய முதுகுக்குத்தான் கேட்கும்!

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சகோதரிகள் மேலே படிக்காமலேயே மீதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் வீடு தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே உள்ள ஒரு ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் இருக்கிறது. ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர், சிங்கபெருமாள் கோவில், பரனூர் என்று எந்த ஊர்க்காரர் படித்தாலும் "அட, இது நம்ம தெருவாச்சே" என்றுதான் நினைப்பார்.

என் மாமனார் இருந்தவரை பழங்கதை சொல்லுவார். மீட்டர் கேஜ் ரயில் ஓடிய நாளில் ஸ்டேஷன் வாசலில் நாலைந்து குதிரை வண்டிகளும் கொஞ்சம் சைக்கிள்களும்தான் நிற்குமாம். மற்றவர்கள் எல்லாம் நடைதான். வாஸ்தவம்தான். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதே பாதையில் மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடியது 2004 ஜூலை 1-ந் தேதி. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எவ்வளவு வளர்ந்துவிட்டது! ஜி.எஸ்.டி. சாலை நெடுகத் தொழிற்சாலைகள், கல்லூரிகள், அடுக்குமாடி வீடுகள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது. ஊர் பத்து மடங்கு பெருத்தாலும் ஸ்டேஷனுக்குப் போகும் தெருக்களின் அகலம் மாமனார் காலத்து அகலம்தான்!

அந்த ஐப்பசி மாதக் காலை

கோலம் கலைவதையெல்லாம் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பால்காரர் வர முடியவில்லை, சிலிண்டர் தெருமுனையோடு நின்றுவிட்டது என்று புலம்புவோம், மறந்துவிடுவோம். போன வருஷம் ஐப்பசியில் நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

காலை ஒன்பதரை மணி. நல்ல மழை. என் மாமியாருக்கு எழுபத்து மூன்று வயது. திடீரென்று மூச்சுத் திணறல் கண்டுவிட்டது. படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தால் வியர்த்துக் கொட்டுகிறது. 108-க்குப் போன் செய்தோம். ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்துவிட்டது. ஆனால் தெருமுனை வரைதான்! அதற்கு மேல் இரண்டு பக்கமும் வண்டிகள். ஒரு பக்கம் வரிசையாக டூ வீலர்கள். எதிர்ப்பக்கம் யாரோ இரண்டு கார்களைப் பூட்டிவிட்டு ரயிலேறிப் போயிருந்தார்கள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வர வழியில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தையை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் ஹாண்டில்பார் இடிக்கிறது, நாற்காலி சாய்கிறது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டுடாதேம்மா" என்றார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது என்று டாக்டர் சொன்னார். தெய்வாதீனமாகப் பிழைத்துவிட்டார்கள். "இந்த மாதிரி நேரத்துல ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்மா" என்று மட்டும் அவர் சொன்னார்.

காற்றைப் பிடுங்கினால் தீருமா?

தெருவே கொதித்துப் போய்விட்டது. மறுநாள் காலை, பையன்கள் யாரையும் கேட்கவில்லை. எங்கள் வாசலில் நின்ற வண்டிகளின் டயர்களில் காற்றைப் பிடுங்கி விட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் உள்ளூர ஒரு திருப்தி!

சாயந்தரம் ஏழு மணி இருக்கும். ஒரு சின்னப் பெண், இருபத்தெட்டு வயதுக்கு மேல் இராது, காற்றுப் போன வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாம். காலையில் ஏழு மணி டூட்டிக்குப் போனவள். "குழந்தையைக் காப்பகத்துல விட்டிருக்கேங்க்கா. ஏழு மணிக்கு மேல வச்சுக்க மாட்டாங்க. நான் எப்படிப் போவேன்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் வண்டியில் அவளைக் காப்பகத்துக்கு அனுப்பி வைத்தேன். திரும்பி வந்தவளுக்குக் காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "ஸ்டேஷன்ல ஸ்டாண்டு இருக்கே, அங்கே வைக்கக் கூடாதாம்மா?"

"வைக்கலாங்க்கா. பாதி நாள் இடம் இருக்காது. இடம் இருந்தாலும் ராத்திரி அங்கேருந்து வெளியே வர வழியில ஒரு லைட்டு கிடையாது. உங்க தெருவுல ஆள் நடமாட்டம் இருக்கு. அதான்..." என்று இழுத்தாள்.

நம் வாசலை மறிப்பவள் நமக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ நம் தெருவில்தான் பயமில்லை என்று வந்திருக்கிறாள்! பொங்கலுக்குத் திருக்கழுக்குன்றத்தில் அம்மா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். என் தம்பி சிரித்தான். அவன் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிறவன். மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் பக்கத்து ஜனங்களுக்கு ரயில் என்றால் செங்கல்பட்டுதான். மாமல்லபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோ மீட்டர், திருக்கழுக்குன்றத்திலிருந்து அதில் பாதி. "விடியற்காலை பஸ்ஸை நம்பிப் போனா ரயிலை விட்டுடுவேன்க்கா. வண்டியிலதான் போறேன். நானும் யாரோ ஒரு அக்கா வாசல்லதான் வைக்கிறேன்!" என்றான். என்ன பதில் சொல்வது?

நோட்டும் பேனாவும்

எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் யோசனை சொன்னார்: "கூட்டமா போய்க் கத்தினா யாரும் கேட்க மாட்டாங்கம்மா. எத்தனை வண்டி, எந்த நேரம், எந்த இடம்னு கணக்கோட போங்க."

ஆண்கள் ஆபீஸுக்குப் போய்விடுகிறார்கள். தெருவை நாள் முழுக்கப் பார்ப்பது நாம்தானே? ஐந்து பெண்கள் சேர்ந்தோம். பள்ளிக்கூட நோட்டில் கட்டம் போட்டு, ஒரு வாரம் காலை ஆறு, எட்டு, பத்து, மாலை ஆறு, எட்டு என்று ஐந்து வேளை எண்ணினோம். வண்டி எங்கே நிற்கிறது, யார் வாசலை மறிக்கிறது என்று எழுதினோம். வண்டி எடுக்க வருகிறவர்களிடம் கோபப்படாமல், "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டும் எழுதினோம்.

இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நாங்கள் நினைத்தது போல எல்லோரும் வெளியூர்க்காரர்கள் இல்லை. மூன்றில் ஒரு பங்கு வண்டிகள் எங்கள் நகரிலிருந்தே வருகின்றன. ஒரு கிலோ மீட்டர் தூரம்கூட இருக்காது!

இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்டேஷனின் கிழக்கு வாசல் பக்கம் எண்ணப் போன சிநேகிதி நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். ஒரு வீட்டு கேட்டை அடைத்து நின்ற வண்டியின் நம்பர் எனக்கு மனப்பாடமான நம்பர். எங்கள் வீட்டு வண்டி!

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன். "என்னங்க, நம்ம வண்டி தினம் எங்கே நிக்குது?" அவர் தலை நிமிரவே இல்லை. "நம்ம தெருவுலதான் இடமே கிடைக்கலியே" என்றார்! அத்தை கட்டிலிலிருந்தே, "அந்த வீட்டுலயும் ஒரு கிழவி இருப்பாடா" என்றார்கள். மறுநாளிலிருந்து அவர் நடந்து போகிறார்.

எதை, யாரிடம் கேட்பது?

பெரியவர்தான் எங்களுக்குப் புரிய வைத்தார். ஸ்டேஷன் வளாகமும் அதற்குள் இருக்கும் ஸ்டாண்டும் ரயில்வேயைச் சேர்ந்தவை. வெளியே தெருவும் தெரு விளக்கும் நகராட்சியைச் சேர்ந்தவை. போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது போலீஸின் வேலை. மூன்று பேருக்கும் ஒரே மனுவை எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டிவிடலாம். ஆகவே மூன்று மனு எழுதினோம். ஒவ்வொன்றிலும் அவர்களால் செய்யக்கூடியதை மட்டும் கேட்டோம்.

ஸ்டாண்டிலிருந்து வெளியே வரும் வழிக்கு விளக்கு வேண்டும். தெருவில் ஒரு பக்கம் மட்டும் வண்டி நிற்கலாம் என்று மஞ்சள் கோடு போட வேண்டும். தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பும் அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோ நிற்க ஓர் இடம் குறித்துத் தர வேண்டும். இவ்வளவுதான். பூக்காரம்மாவையும் இட்லிக் கடைக்காரம்மாவையும் அப்புறப்படுத்தச் சொல்லிச் சிலர் சொன்னார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். அவர்கள் பிழைப்புக்கு 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பு தருகிறது. தவிர, இருட்டிய பிறகு நர்ஸ் மாதிரிப் பெண்களுக்குத் துணை அந்தக் கடைகள்தாம்.

சட்டமும் நம் பக்கம்தான். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவின்படி, பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியை விட்டுச் செல்வது குற்றம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்களையும் உயர்த்தினார்கள். ஆனால் ஒன்று: நாமாகவே "நோ பார்க்கிங்" என்று பலகை எழுதி மாட்டினால் அதற்குச் சட்ட பலம் கிடையாது. அதிகாரம் உள்ளவர்கள்தான் அறிவிக்க முடியும். பூந்தொட்டியையும் கருங்கல்லையும் தெருவில் வைத்து மறிப்பதும் தவறுதான். ஆம்புலன்ஸுக்கு அதுவும் தடை அல்லவா?

நகராட்சிகளில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி நம் மாவட்டத்துப் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். கூட்டம் என்றால் ஆண்கள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். நாங்கள் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனோம். பேசும்போது கால் நடுங்கியது. ஆனாலும் பேசிவிட்டோம்.

விளக்கு ஒரு மாதத்தில் வந்தது. மஞ்சள் கோட்டுக்கு இரண்டாவது மனு, பிறகு தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு விண்ணப்பம் என்று அலைந்தோம். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் ஃபைல் நகர்ந்தது. ஷேர் ஆட்டோவுக்கு இன்னும் இடம் குறிக்கவில்லை. ஸ்டாண்டும் பெரிதாகவில்லை. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருமுனை காலியாக இருக்கிறது.

மற்ற ஊர்களில்...

ஸ்டேஷன் வாசல் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானில் 1970-களில் ஜனங்கள் புறநகர்களில் குடியேறி, சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வரத் தொடங்கினார்கள். ஸ்டேஷன் வாசலெல்லாம் சைக்கிள் குவியல்! 1980-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். டோக்கியோவில் கசாய் என்ற ஸ்டேஷனில் 9,400 சைக்கிள்கள் நிற்கும்படி நிலத்துக்கு அடியில் இடம் கட்டியிருக்கிறார்கள்.

நெதர்லாந்தின் கதை நம்மைப் போன்ற தாய்மார்களுடைய கதை. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் கொதித்தெழுந்து "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவி மார்ட்யே வான் புட்டன், ஆம்ஸ்டர்டாமில் வசித்த ஓர் இளம் தாய். தெருவை ஒரு நாள் மூடிக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். நடுத்தெருவில் மேஜை போட்டுச் சாப்பிட்டார்கள்! அந்த நாட்டில் இன்று உட்ரெக்ட் ஸ்டேஷனில் 12,500 சைக்கிள்களுக்கு இடம் இருக்கிறது.

இங்கே பக்கத்திலேயே பாருங்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆகாய நடைபாதையை 2023 மே மாதம் திறந்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நசுங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதே 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறந்தபோது, அங்கே இறங்க ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. நடந்து வருகிறவர் எப்படி வருவார் என்பதை முதலில் யோசித்தால் பாதி நெரிசல் வராது என்பதற்கு இந்த இரண்டுமே உதாரணம். ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலைந்து ஸ்கூட்டர் நிற்கலாம், பத்து சைக்கிள் நிற்கலாம். நடந்து வருகிறவருக்கு நிறுத்த இடமே வேண்டாம்!

நடையும் ஒரு மருந்து

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷமாவது கொஞ்சம் வேகமான நடை போன்ற உடலுழைப்பு பெரியவர்களுக்கு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டேஷனுக்குப் போக 15 நிமிஷம், வர 15 நிமிஷம். வாரத்தில் ஐந்து நாள். சரியாக 150 நிமிஷம்! என் கணவர் முதல் வாரம் கால் வலி என்று முனகினார். இப்போது "ராத்திரி நல்லாத் தூக்கம் வருது" என்கிறார்.

குழந்தைகளுக்கும் நல்லது. சின்னக் குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். வண்டிப் புகை வரும் குழாய்க்குப் பக்கத்தில்தான் அவர்கள் முகம் இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பதை நிறுத்தினாலே அந்தப் புகை பெரும்பகுதி குறையும்.

உங்கள் தெருவிலும் இந்தத் தொல்லை உண்டா?

* முதலில் உங்கள் வீட்டு வண்டி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்!

* நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாரம் எண்ணுங்கள். தேதி, நேரம், இடம் எழுதுங்கள்.

* வண்டி வைப்பவரிடம் ஏன் இங்கே வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். விடை அங்கேதான் இருக்கும்.

* ரயில்வே, நகராட்சி, போலீஸ் மூவருக்கும் தனித்தனி மனு கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளத் தவறாதீர்கள்.

* கேட்பது சின்னதாக இருக்கட்டும். ஒரு விளக்கு, ஒரு கோடு, ஒரு முனை.

* வண்டியை வேறு வழியில்லாமல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வண்டியில் செருகிவிட்டுப் போகலாம். அவசரத்துக்குக் கூப்பிடலாமே!

* வீட்டில் முதியவரோ கர்ப்பிணியோ இருந்தால், ஆம்புலன்ஸ் எதுவரை வர முடியும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

கடைசி யோசனை நர்ஸ் பெண்ணிடமிருந்து வந்தது. அவள் இப்போது வண்டியை எங்கள் பக்கத்து மனையில் ஓரமாக வைக்கிறாள். போகும்போது "அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குழந்தை எங்கள் வீட்டில்தான்.

அத்தை இப்போது காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். போன வருஷம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போன அதே நாற்காலி! யாராவது கேட்டு முன்னால் ஸ்டாண்டைப் போட வந்தால், "கொஞ்சம் தள்ளி வைப்பா, கோலம் இருக்கு பாரு" என்கிறார்கள். பத்தில் எட்டுப் பேர் தள்ளி வைக்கிறார்கள். மீதி இரண்டு பேருக்காக நோட்டை நாங்கள் இன்னும் மூடவில்லை.